தோட்டத்துப் பாட்டும் துன்ப காலமும்

கொரோனாத் தொற்றைத் தடுக்க 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி மலேசியா எங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு நீரிணையைக் கடந்து சிங்கப்பூருக்குப் போய், உழைத்துவிட்டு இரவில் வீடு திரும்புவதையே வாழ்க்கை முறையாகக் கொண்டிருந்த ஜொகூரின் செனாய், கூலாய் வட்டாரத்துக் குடும்பங்கள் பல ஒரே இரவில் இரண்டாகப் பிரிந்து போயின. அக்கரையில் தங்கிவிட்டவர்கள் பிள்ளைகளின் முகத்தைக் கைப்பேசியில் மட்டுமே கண்டார்கள். இக்கரையில் நின்றுவிட்டவர்கள் சம்பளத்தை இழந்தார்கள். எல்லை பழையபடி தாராளமாகத் திறப்பதற்கு 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1974ஆம் ஆண்டு முதல் எங்கள் தலைக்குமேல் ஓயாது இரைந்துகொண்டிருந்த செனாய் விமான நிலையத்து விமானங்கள் பெரும்பாலும் மௌனமாகிவிட்ட அந்த மாதங்களில், வானொலியும் கைப்பேசியும் மட்டும் முன்னைவிட அதிகமாகப் பாடின.

அவை பாடியவற்றுள் பெரும்பகுதி, எழுந்து நில், வெற்றி உனதே, கவலையை மறந்துவிடு என்று சொல்லும் உற்சாகப் பாடல்கள். நல்ல எண்ணத்தோடுதான் அவற்றை ஒலிபரப்பினார்கள். அவற்றைக் கேட்டுத் தெம்படைந்தவர்களும் உண்டு. ஆயினும், என் கண்ணுக்கும் காதுக்கும் எட்டிய வரையில், அடுக்குமாடி வீடுகளில் அடைபட்டுக் கிடந்த நம் ஜனங்கள் தமக்குத் தாமே முணுமுணுத்தவை வேறு பாட்டுகளாக இருந்தன. வயதான பெண்கள் மாரியம்மன் தாலாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்திய சோகப் பாடல்களைத் தேடித் தேடிக் கேட்டார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 25ஆம் தேதி பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் மறைந்த செய்தி வந்தபோது, ஆறு மாத காலம் வேலை போனதற்கோ வாடகை பாக்கி நின்றதற்கோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர்கள், அவருடைய குரலைக் கேட்டுக்கொண்டே விம்மி அழுததையும், அழுது தீர்த்த மறுநாள் ஏதோ ஒரு பாரம் இறங்கியவர்களாக நடமாடியதையும் நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

இதிலிருந்து எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கஷ்ட காலத்தில் மனிதனைத் தூக்கி நிறுத்தும் சங்கீதம் பெரும்பாலும் அவனுடைய கஷ்டத்தை ஒப்புக்கொண்டு பேசும் சங்கீதமே ஆகும். அதிலும், தனியே இருந்து செவியால் கேட்பதைக் காட்டிலும், நாலு பேர் கூடி வாய்விட்டுப் பாடும்போதும் கையால் கொட்டும்போதும்தான் அந்தச் சங்கீதம் தன் வேலையை முழுமையாகச் செய்கிறது. மலாயாத் தமிழரின் நூறாண்டுச் சரித்திரம் இதற்குச் சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியை அழிய விட்டுக்கொண்டிருக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

தமிழர்களுக்கு இது புதிய செய்தியன்று. போர்க்களத்தில் விழுப்புண் பட்டு வீடு வந்து சேர்ந்த வீரனைக் காப்பதற்காக, மனையில் இரவமரத்து இலையையும் வேம்பையும் செருகி, யாழும் பல இசைக் கருவிகளும் ஒலிக்க, மணியடித்து, காஞ்சி பாடிய பெண்களைப் புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் காட்டுகிறார். அங்கே பாடப்பட்டது வெற்றிப் பாட்டன்று என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். காஞ்சி என்பது நிலையாமையைப் பேசும் திணை. புண்பட்டுக் கிடப்பவன் பக்கத்தில் அமர்ந்து, நீ நாளைக்கே எழுந்து ஓடுவாய் என்று பொய் சொல்லாமல், உயிரின் நிலை இது என்று உண்மையைப் பாடிக்கொண்டே அவனுடைய உயிருக்குக் காவலிருந்த பெண்களின் மனோதிடத்தை என்னவென்று சொல்வது!

நம்முடைய முன்னோர்களைக் கப்பலேற்றி இந்தக் கரைக்குத் தள்ளிய துன்பங்களுள் 1876ஆம் ஆண்டில் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் கொடியது. தென்னாட்டில் லட்சக்கணக்கானோர் மாண்ட அந்தக் காலத்தில், மாயூரத்தில் முன்பு முன்சீப்பாக இருந்தவரும், தமிழின் முதல் நாவலை எழுதியவருமான வேதநாயகம் பிள்ளை, தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்ததோடு நில்லாமல், பஞ்சத்தைத் தீர்க்கும்படி இறைவனை இறைஞ்சும் கீர்த்தனைகளையும் இயற்றினார். கிறிஸ்தவராகிய அவர் எல்லாச் சமயத்தாரும் பாடும்படி அவற்றை அமைத்தார் என்பது இன்னும் போற்றத்தக்கது. வித்துவான்களின் கீர்த்தனை ஒரு பக்கம் இருக்க, கிராமத்து ஜனங்கள் தாமே பஞ்சக் கும்மிகளைக் கட்டினார்கள். எந்தத் தானியம் என்ன விலை விற்றது, எந்த ஊரில் யார் எதைத் தின்று உயிர் பிழைத்தார்கள், எந்த அதிகாரி ஈரமில்லாமல் நடந்துகொண்டான் என்பதையெல்லாம் கை தட்டி, வட்டமாகச் சுற்றி வந்து பாடினார்கள். பட்டினியைப் பற்றிக் கும்மியடிக்க முடியும் என்பதே இன்றைக்குச் சிலருக்கு விசித்திரமாகத் தோன்றக்கூடும். ஆனால் கும்மிக்கு ஒருத்தி போதாது. பசித்தவள் ஒருத்தி பசித்த இன்னும் பத்துப் பேரோடு சேர்ந்து நின்றால்தான் கும்மி உண்டு; அப்படிச் சேர்ந்து நின்றதே பாதித் தெம்பு.

அந்தக் கும்மியையும் தாலாட்டையும் ஒப்பாரியையும்தான் நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள் தம்முடன் கொண்டுவந்தார்கள். வேறு சொத்து அவர்களிடம் அதிகமில்லை. 1910ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்த பிறகும், கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் கட்டி அழைத்து வந்தார்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அதற்குத் தடை விதிக்கும் வரையில் வந்துகொண்டே இருந்த ஜனங்கள், ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் லயங்கள் என்னும் வரிசை வீடுகளை நிரப்பினார்கள்.

தோட்டத்துப் பாட்டு எப்படிப் பிறந்தது என்பதைச் செனாய்க்கு அருகிலிருந்த தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டிய ஒரு மூதாட்டி எனக்கு விவரித்ததுண்டு. இருட்டு விலகுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னே கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவர வேண்டும். தூக்கம் கலையாத குழந்தையைத் தோளிலிருந்து இறக்கும்போது ஆரம்பித்த தாலாட்டு, மரவரிசையாகிய நிரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் வாயை விட்டுப் போவதில்லை. தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சம் ஒரு மரத்துக்கு மேல் எட்டாது. உளியைப் பட்டையில் வைத்து இழுத்து, கோட்டில் பால் ஊறி மங்குக் கிண்ணத்தில் சொட்டத் தொடங்குவதைப் பார்த்துவிட்டு, அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். பாம்புக்குப் பயம், காட்டுப் பன்றிக்குப் பயம், மழை வந்து பால் கெட்டுவிட்டால் அரைச் சம்பளம் என்ற பயம். அந்த இருளில் ஒருத்தி ஒரு வரி பாடுவாளாம். முகம் தெரியாத அடுத்த நிரையிலிருந்து மறுவரி வருமாம். மறுவரி வந்துவிட்டால், அங்கே ஆள் இருக்கிறது, உயிரோடு இருக்கிறது, நமக்கு ஒன்று நேர்ந்தால் ஓடிவரும் என்று அர்த்தம். இதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் வலது கை, உளி பிடித்த பழக்கத்தில், தன்னையறியாமல் முழங்காலின்மேல் சாய்வாக ஒரு கோடு இழுத்துக்கொண்டே இருந்தது. பாட்டின் தாளமும் அந்தக் கையின் இழுப்பும் ஒன்றாகவே இருந்தன.

அந்தப் பாட்டுகளில் கங்காணியின் அதட்டல் உண்டு, கணக்கெழுதும் கிராணியின் புரட்டு உண்டு, கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்த புருஷனைப் பற்றிய வசை உண்டு, ஊரில் விட்டுவந்த தாயைப் பற்றிய ஏக்கம் உண்டு. பகலில் தலைகுனிந்து நின்று கேட்டுக்கொண்ட சொற்களுக்கு இரவிலே பாட்டில் பதில் சொன்னார்கள். பதில் சொல்லும் வழி ஒன்று இருக்கும் வரையில் மனிதன் முழுவதும் முறிந்து போவதில்லை.

பின்னர் ஜப்பான்காரன் காலம் வந்தது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அரிசி மறைந்து மரவள்ளிக் கிழங்கு அன்னமாயிற்று. அதன் பிறகு சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்தில் ரயில் பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மலாயாவிலிருந்து சென்ற தொழிலாளர் 70,000 பேருக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். 1943ஆம் ஆண்டு அக்டோபரில் பாதை முடிந்தபோது, காலராவுக்கும் மலேரியாவுக்கும் அடிக்கும் பட்டினிக்கும் இரையாகி, பல்லாயிரவர் அந்தக் காட்டிலேயே மண்ணாகிவிட்டிருந்தார்கள். கணவன் சயாமுக்குப் போக, தோட்டத்தில் தனித்து நின்ற பெண்கள் அவனை நினைத்துக் கட்டிய பாட்டுகளைப் பிற்காலத்தில் அறிஞர் சிலர் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அந்த நரகத்தை நமக்குக் காட்டுகின்றன. ஆனால் அந்த முகாம்களில் இரவு நேரத்தில் நம் ஜனங்கள் பாடியவற்றுள் மிகச் சொற்பமே நம்மை வந்து அடைந்திருக்கிறது.

இதே காலத்தில், கடலுக்கு அப்பால், சுமத்ராவின் பலெம்பாங்கில் ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த வெள்ளைக்காரப் பெண்களின் கதையை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் மதப்பணி செய்துவந்த மார்கரெட் டிரைபர்க் என்ற ஆசிரியையும், லண்டன் ராயல் அகாடமியில் வயலின் பயின்று மலாயாவில் கணவரோடு வாழ்ந்திருந்த நோரா சேம்பர்ஸ் என்பவரும், வாத்தியம் ஒன்றுகூட இல்லாத அந்த முகாமில், வாத்திய கோஷ்டிகள் இசைக்கும் பெரிய உருப்படிகளை நினைவிலிருந்தே எழுதி, ஏறத்தாழ முப்பது பெண்களைக் குரலாலேயே பாட வைத்தார்கள். 1943ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி முதல் கச்சேரி நடந்தது. நிற்கச் சக்தி இல்லாதவர்கள் உட்கார்ந்து பாடினார்கள். சோறும் மருந்தும் இல்லாமல் பாடகர்கள் ஒவ்வொருவராக மாண்டபோது, 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் கோஷ்டி ஓய்ந்தது. டிரைபர்க் அம்மையாரும் அவ்வாண்டு ஏப்ரலில் இறந்துபோனார். அவர்கள் எழுதிய ஸ்வரத்தாள்கள் இன்று பத்திரமாக இருக்கின்றன. உலகமெங்கும் பாடகர் குழுக்கள் அவற்றைப் பாடுகின்றன. அவர்களைப் பற்றித் திரைப்படமும் வந்திருக்கிறது. சயாம் ரயில் பாதையை ஒட்டிய காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்கு இடம் உண்டு. நம்முடையவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை, அவர்கள் பாடிய பாட்டுக்கு ஏடும் இல்லை. அந்தப் பெண்களைப் பற்றி எனக்கு எள்ளளவும் பொறாமை கிடையாது. அவர்களை மனமார வணங்குகிறேன். நம்முடைய பாட்டிமார் அவர்களுக்குச் சமமான காரியத்தைத் தினந்தோறும் செய்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லையே என்பதுதான் என் வருத்தம்.

நடைப்பாட்டையும் இங்கே மறந்துவிடுவது நியாயமாகாது. 1943ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தபோது, தோட்டத்து இளைஞர்களும் யுவதிகளும் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். கூர்க்காப் படையில் வாத்தியம் வாசித்திருந்த கேப்டன் ராம் சிங் தாக்குரி இசையமைத்த ஹிந்துஸ்தானிப் பாட்டுகளை, அந்த மொழியை அதற்கு முன் அறியாதவர்கள் மனப்பாடம் செய்து பாடிக்கொண்டு அணிவகுத்தார்கள். நேற்றுவரை பெரட்டில் கைகட்டி நின்றவனுக்கு நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொடுத்த பாட்டு அது. அதன் பெருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் படை கலைந்து, நேதாஜியும் மறைந்து, அவர்கள் மறுபடியும் லயத்துக்கே திரும்பிவந்து உளியைக் கையில் எடுத்தபோது, அவர்களோடு கூட இருந்தது பழைய தாலாட்டும் ஒப்பாரியுந்தான். படை நடக்கும்போது பாடிய பாட்டு ஒரு காலத்துக்கு உரியது. அருகில் உட்கார்ந்து பாடும் பாட்டு எந்தக் காலத்துக்கும் வேண்டியிருக்கிறது.

பாட்டினால் பசி தீராது. பலெம்பாங்கில் தீரவில்லை, சயாமிலும் தீரவில்லை. 2021ஆம் ஆண்டு நடுவில், உதவி தேவைப்படுகிறவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணியைக் கட்டிவிடுங்கள் என்ற செய்தி நாடு முழுவதும் பரவி, செனாய் வட்டாரத்து அடுக்குமாடிகளிலும் அந்தத் துணிகள் தென்பட்டபோது, அந்த வீடுகளுக்கு முதலில் வேண்டியிருந்தது அரிசியும் பால் மாவும். ஆனால் அந்தத் துணியைக் கட்டுவதற்கே பலருக்கு மனம் வரவில்லை, கௌரவம் தடுத்தது. பட்டினி கிடந்தாலும் வெளியே சொல்லாதே என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். தம் குறையை நடு முற்றத்தில் நின்று கும்மியடித்துச் சொல்லத் தெரிந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள், கதவைச் சாத்திக்கொண்டு தனியே துடிக்கும்படி எப்படி ஆனோம் என்று அந்த நாட்களில் நான் அடிக்கடி யோசித்தேன்.

காரணம் தெளிவாகவே இருக்கிறது. பெருந்தோட்டங்களைத் துண்டாடி விற்றது 1950களில் தொடங்கியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் போய்த் தொழிற்பேட்டையும் தாமான்கள் என்னும் குடியிருப்புப் பகுதிகளும் வந்தன. லயம் கலைந்தபோது கூடிப் பாடும் முற்றமும் கலைந்தது. வானொலி வந்தது, 1946ஆம் ஆண்டில் தொடங்கிய ரேடியோ மலாயா முதல் இன்றைய மின்னல் எஃப்.எம். வரையில் தமிழ் ஒலிபரப்பு நமக்குச் செய்த உபகாரம் பெரிது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பாட்டு என்பது வேறொருவர் பாட நாம் கேட்பது என்ற பழக்கமும் அதனோடு கூடவே வந்துவிட்டது. இப்போதோ ஒரே வீட்டில் நால்வர் நான்கு காதுக் கருவிகளை மாட்டிக்கொண்டு நான்கு பாட்டுகளைக் கேட்கிறார்கள். கலைகள் உடல் நலத்துக்கும் மன நலத்துக்கும் துணை செய்கின்றன என்று 900க்கும் மேற்பட்ட வெளியீடுகளை ஆராய்ந்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய வட்டார அலுவலகம் 2019ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. கேட்பதோடு நில்லாமல் கூடிப் பாடுவதையும் கூடி ஆடுவதையும் அது எடுத்துச் சொல்லியிருக்கிறது. நம்முடைய பாட்டிமாருக்கு அறிக்கை தேவைப்படவில்லை, நமக்குத் தேவைப்படுகிறது.

மிச்சமிருக்கும் கூட்டு இசை நம்மிடையே இன்று எது என்று கேட்டால், உறுமி மேளம் என்று தயங்காமல் சொல்வேன். பகலெல்லாம் தொழிற்சாலையில் நின்றோ, மோட்டார் சைக்கிளில் உணவு சுமந்தோ களைத்துப்போன பிள்ளைகள், மாலையில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக ஒன்று கூடி, தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களுக்கும் பயிற்சி செய்வதை இந்த வட்டாரத்தில் எவரும் பார்க்கலாம். உறுமியின் ஒரு முகத்தில் பசை ஏறிய தோலின்மேல் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கும்போது அடிவயிற்றிலிருந்து எழுவதுபோல ஒரு விம்மல் கிளம்பும். மறுமுகத்தில் நேரான மெல்லிய குச்சி தாளத்தைக் கொட்டும். அழுகையும் நடையும் ஒரே வாத்தியத்தின் இரண்டு பக்கங்களில் இருக்கின்றன. தவிலும் பம்பையும் சேர்ந்துகொண்டவுடன், பார்த்துக்கொண்டு நிற்கிறவன் கால் தானாக அசையும். நோய்க் காலத்தில் 2021ஆம் ஆண்டின் தைப்பூசம் காவடியின்றிக் கழிந்தபோது, இந்தப் பிள்ளைகள் முகத்தில் கண்ட வாட்டத்தை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. தடை நீங்கியதும் அவர்கள் முதலில் தேடிப்போனது மேளத்தைத்தான்.

ஆனால் உறுமி மேளக் குழு என்றாலே குண்டர் கும்பல் என்று முகம் சுளிப்பது நம்மில் படித்தவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. தவறு செய்கிற குழுக்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. கோயில் வாசலில் சினிமாப் பாட்டை அடித்துக் கூத்தாடுவதையும், குடித்துவிட்டு வாத்தியம் தொடுவதையும் கண்டித்தே ஆக வேண்டும். அதற்காக வாத்தியத்தையே ஒதுக்கிவிடுவது எவ்வகையிலும் தகாது. குருவும் இடமும் மேற்பார்வையும் கொடுக்காமல் தெருவில் விட்டுவிட்டு, தெருவின் பழக்கம் வந்துவிட்டதென்று குறை கூறுகிறோம். பரதநாட்டியத்துக்கும் வீணைக்கும் வகுப்பு நடத்த முன்வரும் நம் சங்கங்கள், உறுமிக்கும் கும்மிக்கும் ஒப்பாரிக்கும் வகுப்பு நடத்த வெட்கப்படுகின்றன. இந்த வெட்கம் கங்காணி காலத்து மிச்சம் என்றே நான் கருதுகிறேன்.

செனாயிலும் கூலாயிலும் உள்ள கோயில் நிர்வாகத்தினரையும், பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரையும் நான் கேட்டுக்கொள்வது பெரிய காரியமன்று. தோட்டத்திலிருந்து வந்து தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் குடியிருக்கும் எழுபது, எண்பது வயதுப் பெண்மணிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பள்ளிக்கு அழைத்து, பிள்ளைகள் முன்னே பாடச் சொல்லி, பிள்ளைகளையும் கூடப் பாட வைத்து, கைப்பேசியிலேயே அதைப் பதிவு செய்து, எந்தத் தோட்டத்துப் பாட்டு, யாரிடம் கற்றது என்ற விவரத்தோடு எழுதி வையுங்கள். சில ஆண்டுகள் தாமதித்தால் பாடிக் காட்ட ஆட்கள் இருக்கமாட்டார்கள். பங்குனி உத்திரத்துக்குப் பயிற்சி செய்ய இடம் கேட்டு உறுமி மேளப் பிள்ளைகள் வரும்போது, அக்கம்பக்கத்தார் சத்தத்துக்குப் புகார் செய்வார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பாமல், இரவு 9 மணி வரை என்று நேரம் வகுத்து, பொறுப்பான பெரியவர் ஒருவரைக் கூட இருக்கச் செய்து, மண்டபத்தைத் திறந்து கொடுங்கள்.